வீட்டிற்கு ஃபைபர் இணைப்பு வந்திருக்கிறது: பாதுகாப்புக்கு முதலில் எதைச் செய்ய வேண்டும்?

கேள்வி: ஓய்வூதியர், கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். நான் மாநில அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். இதுவரை கைபேசியின் இணைய வசதியையே கணினிக்கும் பகிர்ந்து பயன்படுத்தி வந்தோம். அண்மையில், எங்கள் தெருவில் கேபிள் டிவி நடத்துபவர் மூலமாக வீட்டிற்கு ஃபைபர் இணைப்பு பெற்றோம். இணைப்பு கொடுக்க வந்த இளைஞர் ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுவரில் பொருத்தி, வைஃபையின் பெயராக என் பெயரையும் கடவுச்சொல்லாக என் கைபேசி எண்ணையும் அமைத்துக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார். வேறு எதையும் விளக்கிச் சொல்ல அவருக்கு நேரமில்லை.

வீட்டில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கியது, விண்டோஸ் 10 கொண்டது. மகளுக்குப் பள்ளியில் படிக்கும்போது கிடைத்த அரசு மடிக்கணினி ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இவற்றைத் தவிர மூன்று கைபேசிகள், ஒரு டிவி, வாசலில் ஒரு சிசிடிவி கேமரா ஆகியவை அதே வைஃபையில் இணைந்துள்ளன. ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பது, மின்கட்டணம் செலுத்துவது, குடும்பத்தின் பழைய புகைப்படங்களையும் நிலப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகளையும் சேமித்து வைப்பது ஆகிய எல்லாமே மேசைக் கணினியில்தான் நடக்கின்றன.

என் ஐயங்கள் இவை. கணினியில் கட்டண ஆன்டிவைரஸ் ஒன்றைப் போடாமல் இணையத்தைத் தொடவே கூடாது என்று கடைக்காரர் சொல்கிறார், அது உண்மையா? விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டதாகத் திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. புதிய கணினி வாங்கித்தான் ஆக வேண்டுமா? ஒரு நாள் செய்தித்தளம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவப்பாக மாறி, உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று ஒலியுடன் ஓர் எச்சரிக்கை வந்தது; நான் அழைக்கவில்லை, மின்சாரத்தை நிறுத்திவிட்டேன். அது என்ன? கடைசியாக, மாடியில் குடியிருப்பவர்கள் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான், கொடுக்கலாமா? எதை முதலில் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று வரிசையாகச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: வலைப்பணியாளர்

வணக்கம் ஐயா. உங்கள் ஐயங்களில் ஆன்டிவைரஸ் முதலில் நிற்கிறது. நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். வீட்டிலுள்ள அத்தனை கருவிகளும் அந்த வெள்ளைப் பெட்டி ஒன்றின் வழியாகத்தான் வெளியே போய்வருகின்றன என்பதால் அதிலிருந்து தொடங்குவதே முறை. நான் இணைய இணைப்புத் தொழிலில் இருப்பவன் ஆதலால் அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கணினியைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஃபைபர் கம்பியில் வரும் ஒளியை மின் சைகையாக மாற்றும் வேலையையும், வைஃபை தரும் ரவுட்டர் வேலையையும் அந்த ஒரே பெட்டி செய்கிறது. அதற்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. ஒன்று, வைஃபையில் இணைவதற்கு. மற்றொன்று, பெட்டியின் அமைப்புகளையே திறந்து மாற்றுவதற்கு. வாசல் சாவியும் பீரோ சாவியும் வேறு வேறாக இருப்பது போன்றது இது. வந்து போகிற இளைஞர்கள் வாசல் சாவியை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டு, பீரோவைத் தொழிற்சாலையில் பூட்டிய அதே சாவியோடு விட்டுச் செல்கிறார்கள்.

முதலில் வைஃபை கடவுச்சொல். கைபேசி எண்ணை வைப்பது நம் ஊர்களில் ஏறக்குறைய மரபாகவே ஆகிவிட்டது, ஆனால் அது மிகவும் பலவீனமான தேர்வு. இந்தியக் கைபேசி எண்களில் பத்து இலக்கங்கள். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்று. ஆகவே இருக்கக்கூடிய எண்கள் அதிகபட்சம் 400 கோடி. ஒரு கருவி வைஃபையில் இணையும் கணத்தில் அதற்கும் ரவுட்டருக்கும் இடையே காற்றில் பரிமாறப்படும் சரிபார்ப்புத் தகவலைத் தெருவில் நின்றபடியே பதிவு செய்துகொள்ளும் ஒருவர், பிறகு தம் அறையில் அமர்ந்து, கணினி விளையாட்டுக்காக விற்கப்படும் உயர்தர கிராஃபிக்ஸ் அட்டையைக்கொண்டு நொடிக்குப் பல இலட்சம் எண்களைப் பொருத்திப் பார்க்க முடியும்; 400 கோடியும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உங்கள் எண் தெருவில் பாதிப் பேரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது வேறு.

டபிள்யூபிஏ2 என்ற வைஃபை குறியாக்க முறையில் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி எழுதி, நடுவே ஓர் எண்ணைச் சேருங்கள். நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள் அடி மட்டும் வேண்டாம். அது உங்களுக்கு நினைவிருப்பதைப் போலவே எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அடுத்தது பீரோ சாவி. கணினியை அந்த வைஃபையில் இணைத்துவிட்டு, உலாவியின் முகவரிப் பட்டையில் 192.168.1.1 என்று எழுதுங்கள். சில பெட்டிகளில் அது 192.168.0.1 அல்லது வேறாக இருக்கும், பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தாளில் சரியான முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே சென்றதும் முதல் வேலையாக அந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இது வெறும் முன்னெச்சரிக்கைப் பேச்சு அன்று. 2016ஆம் ஆண்டு மிராய் என்ற தீநிரல், எல்லோரும் அறிந்த அறுபது சொச்சம் தொழிற்சாலைப் பெயர்–கடவுச்சொல் இணைகளை மட்டுமே வைத்துக்கொண்டு, உலகெங்கும் இலட்சக்கணக்கான வீட்டு ரவுட்டர்களையும் சிசிடிவி பதிவுக் கருவிகளையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளின் கூட்டம், தளங்களின் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மீது ஏவப்பட்டபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பல மணி நேரம் தடுமாறின. கேமராவின் உரிமையாளர்களுக்குத் தங்கள் கேமரா இதில் பங்கெடுத்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் வாசல் கேமராவின் கடவுச்சொல்லையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

அமைப்புப் பக்கத்தில் இருக்கும்போதே இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடலாம். டபிள்யூபிஎஸ் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க எண் ஒன்றைக்கொண்டு கருவிகளை எளிதாக இணைக்க வந்தது அது; ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு துண்டுகளாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. எனவே பத்துக் கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 முயற்சியே போதும் என்பது 2011இலேயே வெளிப்பட்டுவிட்டது. குறியாக்க முறை என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். பழைய கருவிகளும் இருப்பதால் இரண்டும் கலந்த தேர்வு இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து, அதாவது இணையத்தின் பக்கத்திலிருந்து, நிர்வாகப் பக்கத்தைத் திறக்க அனுமதிக்கும் தேர்வு குறியிடப்பட்டிருந்தால் அந்தக் குறியை நீக்குங்கள். வைஃபை பெயரை மறைத்து வைப்பது, குறிப்பிட்ட கருவிகளின் எண்களை மட்டும் அனுமதிப்பது என்று சிலர் பரிந்துரைப்பார்கள். இவை தெரிந்தவனைத் தடுப்பதில்லை, தெரியாத வீட்டாரைத்தான் அலைக்கழிக்கின்றன. விட்டுவிடுங்கள்.

ரவுட்டரின் உள் மென்பொருளைப் புதுப்பிப்பது பற்றியும் ஒரு சொல். இணைப்பு நிறுவனம் தந்த பெட்டியாக இருந்தால், அதைப் பெரும்பாலும் அவர்களே தொலைவிலிருந்து புதுப்பிக்கிறார்கள். உங்களுக்கு அந்தத் தேர்வே தென்படாமல் இருக்கலாம். இந்தத் தொலைநிர்வாக வழியும் குற்றமற்றதன்று. 2016 நவம்பரில் மிராயின் வேறொரு வடிவம் ஜெர்மனியில் இந்த வழியைத் தாக்கப்போய், டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேரின் இணைப்பு முடங்கியது. ஆயினும் ஒருபோதும் புதுப்பிக்கப்படாத பெட்டியைவிட இது மேல். ஆண்டுக்கு ஒரு முறையாவது பெட்டிக்கு அண்மைய மென்பொருள் வந்திருக்கிறதா என்று உங்கள் கேபிள்காரரைக் கேளுங்கள். கேட்பவர்கள் குறைவு என்பதாலேயே அவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

மாடியில் இருப்பவர்களின் செய்தி. அவர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களுடைய கைபேசியில் என்ன இருக்கிறது, அவர்கள் வீட்டுக்கு வரும் விருந்தினர் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன்பு செய்தி நிறுவனங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டில்லாத ஒரு வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. இணைய முகவரியை வைத்துத் தேடிய காவல்துறை முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில்தான். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். கொடுக்காமல் இருப்பது நல்லது. மறுக்க மனமில்லை என்றால், பெட்டியில் விருந்தினர் வைஃபை என்ற வசதி இருக்கிறதா என்று பார்த்து, அதற்குத் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் அமையுங்கள். அதில் இணைவோர் இணையத்தைப் பயன்படுத்தலாம், உங்கள் கணினியை எட்ட முடியாது; ஆனால் வெளி உலகுக்கு அதுவும் உங்கள் இணைப்பே. என்னைக் கேட்டால் அந்த விருந்தினர் வைஃபையை உங்கள் டிவிக்கும் கேமராவுக்கும் ஒதுக்குவேன், ஏனென்றால் வீட்டில் புதுப்பிப்பே பெறாத கருவிகள் அவைதான்.

பதில் 2: கணினி பழுதுபார்ப்பவர், மதுரை

வலைப்பணியாளர் எழுதியவற்றில் எனக்கு மறுப்பில்லை. நான் கணினியைப் பற்றிச் சொல்கிறேன் ஐயா. கசப்பான ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்த கணினி என்கிறீர்கள். விண்டோஸுக்கென்று தனியாகப் பணம் கொடுத்ததாக இரசீதில் இருக்கிறதா? இல்லையென்றால், உரிமம் இல்லாத விண்டோஸை ஒரு சிறு நிரலைக்கொண்டு உரிமம் பெற்றதைப் போலக் காட்டி நிறுவியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. என் மேசைக்கு வரும் வீட்டுக் கணினிகளில் இதைப் பார்க்காத வாரமே இல்லை. அமைப்புகளில் ஆக்டிவேஷன் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள்: உங்கள் நிறுவனத்தின் சேவையைக்கொண்டு விண்டோஸ் செயல்படுத்தப்பட்டுள்ளது என்ற பொருளில் அங்கே ஆங்கில வாசகம் இருந்தால், வீட்டுக் கணினிக்கு நிறுவனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் போலி உரிம நிரல் வேலை செய்ய வேண்டுமானால் விண்டோஸின் உள்ளேயே இருக்கும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட கோப்புறைகளைச் சோதிக்காதே என்று அதற்குக் கட்டளையிட வேண்டும். பல கடைகளில் தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்திவிடுகிறார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, பாதுகாப்புக்கு ஆன்டிவைரஸ் வாங்குங்கள் என்று சொல்வது எந்த வகை நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆகவே விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் விலக்குகளின் பட்டியலைப் பாருங்கள். அங்கே நீங்கள் சேர்க்காத பெயர்கள் ஏதும் இருந்தால், அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதை நிறுத்திவிட்டு, கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைத்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாகப் பதிவிறக்கிய விண்டோஸை முதலிலிருந்து நிறுவுவது தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன். பட்டியல் வெறுமையாக இருந்து, டிஃபெண்டரும் புதுப்பிப்பும் இயங்கிக்கொண்டிருந்தால், சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு அதுவே போதும். கட்டண ஆன்டிவைரஸ் தவறென்று சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் அதிகப் பயன் என்பது என் கருத்து.

விண்டோஸ் 10 பற்றி வரும் அறிவிப்பு உண்மையானது. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. முடிந்தது என்றால் கணினி நின்றுவிடும் என்று பொருளல்ல; அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்பட மாட்டா என்பதே பொருள். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நீட்டித்துத் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. உங்கள் விண்டோஸ் 22எச்2 பதிப்பாக இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, அமைப்புகளை அந்தக் கணக்கில் காப்பு எடுக்கச் சம்மதித்தால் கட்டணமின்றியே அதில் சேரலாம். புதுப்பிப்புப் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு தோன்றும். டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை வைரஸ் விவரங்கள் வரும் என்பதை வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. வைரஸை அடையாளம் காண்பது வேறு, அது நுழையும் ஓட்டையை அடைப்பது வேறு.

புதுப்பிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன நேரும் என்பதற்கு 2017 மே மாதத்து வானாக்ரை என்ற தீநிரலைவிடத் தெளிவான சான்று இல்லை. அது நுழைந்த ஓட்டைக்கான புதுப்பிப்பு மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. மே 12 அன்று தாக்குதல் தொடங்கியபோது, இரண்டு மாதமாகப் புதுப்பிக்காமல் கிடந்த கணினிகளின் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு, பிட்காயினில் பணம் கேட்கப்பட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்கத் தேவையில்லாமல், வலையில் இருந்த ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு அது தானாகவே தாவியது.

விண்டோஸ் 11க்கு மாற, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். உங்கள் மேசைக் கணினி 2018க்குப் பின் வாங்கியது என்றால், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புப் பகுதியில் அந்தச் சில்லின் வசதி அணைக்கப்பட்டு மட்டும் இருக்கக்கூடும். அதைப் பார்க்காமல் புதிய கணினிக்குப் பணம் கொடுக்காதீர்கள். அரசு மடிக்கணினி தேறுவது கடினம். அதில் விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை நிறுவிக்கொள்ளலாம். இலவசம், புதுப்பிப்பும் தொடர்ந்து வரும், உலாவியும் ஆவணங்களும் போதுமென்றால் எந்தக் குறையும் தெரியாது. அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டிருந்தது, அதைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

சிவப்புத் திரைக்கு வருகிறேன். அது வைரஸ் அன்று, விளம்பர இடத்தின் வழியாக வந்த ஒரு வலைப்பக்கம். முழுத்திரையை எடுத்துக்கொண்டு, ஒலி எழுப்பி, உங்களைப் பதற வைப்பது மட்டுமே அதன் வேலை. மைக்ரோசாஃப்டின் எந்தப் பிழைச் செய்தியிலும் தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தாலே அது பொய். அழைக்காதது மிகச் சரி. மறுமுறை வந்தால் எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியே வந்து பக்கத்தை மூடுங்கள். மூட முடியாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியை நிறுத்துங்கள். பிறகு உலாவியைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அழைத்திருந்தால் மறுமுனையில் பேசுபவர் தொலைவிலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலியை நிறுவச் சொல்லியிருப்பார். அவை முறையான மென்பொருள்களே, நானும் என் தொழிலில் பயன்படுத்துகிறேன். நாமே அனுமதி கொடுத்து உள்ளே விடுவதால் எந்த ஆன்டிவைரஸும் அதைத் தடுக்காது.

நம் ஊருக்கே உரிய மற்றொரு நுழைவாயில் பென் டிரைவ். ஜெராக்ஸ் கடையில் அச்சிடக் கொடுத்து வாங்கிவந்து வீட்டுக் கணினியில் செருகினால், அதில் தொற்றி வந்த வைரஸால் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறி நிற்கும். அச்சிட வேண்டியதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அனுப்புவது உங்கள் கைபேசியிலிருந்து இருக்கட்டும், கடையின் கணினியில் உங்கள் மின்னஞ்சலைத் திறக்க வேண்டாம்.

நிலப் பத்திரங்களையும் புகைப்படங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் மாதம் ஒரு முறை பிரதி எடுத்து, எடுத்தவுடன் கம்பியைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். எப்போதும் கணினியோடு இணைந்தே இருக்கும் டிஸ்க் காப்பு ஆகாது. கோப்புகளைப் பூட்டும் நிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

பதில் 3: முன்னாள் வங்கியாளர்

இருவரும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டவர் ஓய்வூதியக் கணக்கை இணையத்தில் பார்ப்பவர். தெருவில் நின்று வைஃபையை உடைக்கும் திருடனைவிட, எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு மின்னஞ்சலைக் கைப்பற்றும் திருடனே அவருக்கு அருகில் இருக்கிறான். எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றுவதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. எனவே முதல் நாளின் முதல் வேலை மின்னஞ்சல் கணக்குக்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லும், அதோடு கைபேசியிலும் ஒப்புதல் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பும் அமைப்பது. பத்து நிமிட வேலை. ரவுட்டரை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

கடவுச்சொற்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லி நாங்களே ஒரு காலத்தில் வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தினோம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது; அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசியில் 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். கசிந்தது என்று தெரிந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நீளமான ஒன்றே நீடிக்கட்டும். தாளில் எழுதி வீட்டுக்குள் வைப்பதும் குற்றமில்லை. வீடு புகும் திருடன் நகையைத் தேடுவான்.

வங்கித் தளத்தைத் தேடுபொறியில் தேடிச் செல்லாதீர்கள். விளம்பரமாக முதலில் வருவது போலித் தளமாக இருக்கக்கூடும். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் தங்கள் இணைய வங்கித் தளங்களை டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவுப் பெயர் வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. முகவரியை ஒரு முறை சரியாக எழுதிப் புத்தகக்குறியாகச் சேமித்து, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். பூட்டுச் சின்னத்தை நம்பிப் பயனில்லை. வழியில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி, மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கன்று. குரோம் உலாவி 2023இல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

பணம் போய்விட்டது என்று தெரிந்த கணமே, இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் இதில் நேரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மகனிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம், திங்கட்கிழமை கிளைக்கு நேரில் போகலாம் என்று காத்திருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: ஓய்வூதியர், கும்பகோணம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வங்கியாளர் சொன்ன வரிசையைப் பின்பற்றி மின்னஞ்சலை முதலில் முடித்தேன். பிறகு மகளின் துணையோடு ரவுட்டர் பக்கத்தைத் திறந்தோம். நிர்வாகக் கடவுச்சொல் பெட்டியின் அடியில் அச்சிட்டபடியே இருந்தது. டபிள்யூபிஎஸ் இயங்கிக்கொண்டிருந்தது, அணைத்தாயிற்று. வைஃபை கடவுச்சொல்லும் மாறிவிட்டது. டிவியையும் கேமராவையும் விருந்தினர் வைஃபைக்கு மாற்றிவிட்டோம். மாடியில் இருப்பவர்களிடம் கேபிள்காரரின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். விண்டோஸின் விலக்குப் பட்டியலில் நான் அறியாத ஒரு கோப்புறை இருந்தது. ஆகவே மறுநிறுவல் செய்ய வேண்டியிருக்கிறது, அதற்குமுன் ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றியதைக் கேபிள்காரரிடம் சொன்னபோது, இனிப் பழுது வந்தால் எங்கள் ஆட்களால் உள்ளே போக முடியாது, பழையபடி வைத்துவிடுங்கள் என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில் 4: வலைப்பணியாளர்

மின்னஞ்சல் முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வங்கியாளர் என் தொழில் பாசத்தைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்.

கேபிள்காரர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. நிறுவனம் தொலைவிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வழி வேறு, அதற்கான அடையாளமும் வேறு. நீங்கள் மாற்றிய கடவுச்சொல் அதைத் தொடுவதில்லை. வீட்டுக்கு நேரில் வரும் ஊழியருக்குத்தான் அது தேவைப்படும், அப்போது நீங்களே உள்ளிட்டுக் கொடுக்கலாம். ஆகவே பழைய கடவுச்சொல்லுக்குத் திரும்பத் தேவையில்லை. புதியதை ஒரு தாளில் எழுதி, இணைப்பு இரசீதோடு சேர்த்து வையுங்கள், பெட்டியின் மேலேயே ஒட்டிவிட வேண்டாம்.

அவர் உண்மையில் அஞ்சுவது வேறொன்றை. கடவுச்சொல்லை மறந்துவிட்ட வாடிக்கையாளர்கள், பெட்டியின் பின்புறம் சிறு துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை ஊசியால் அழுத்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் கடவுச்சொல் மட்டுமன்றி, இணைப்பு நிறுவனம் உள்ளிட்டிருந்த அமைப்புகளும் சேர்ந்து அழிந்து, ஃபைபரில் ஒளி வந்தும் இணையம் வராமல் போகலாம். பல இணைப்புகளில், நிறுவனத்திடம் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் பிபிபிஓஇ என்ற முறைக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதில் அடங்கும். அவற்றைக் கேபிள்காரரிடம் இப்போதே கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விலான் எண் என்று ஒன்று இருந்தால் அதையும் கேளுங்கள். தர மறுத்தால், அந்தப் பொத்தானைத் தொடாதிருங்கள். விண்டோஸ் மறுநிறுவலுக்கும் ரவுட்டருக்கும் தொடர்பில்லை, அந்த வேலைக்காக இதை அணைக்கவும் வேண்டியதில்லை.